ஏரிப்பக்கச் சுவர்

வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் மெர்வி அந்தக் குரலைக் கேட்டாள். வீட்டுக்குப் பின்னால், ஏரிப் பக்கத்திலிருந்து வந்தது. பலகைகளை நனையாமல் மூடிவைக்கும்படி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பாதி விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பை வைக்கிற குரல். மெர்வியின் கை துணியிலேயே நின்றுவிட்டது. வேலைக்கான அழைப்பு ஐலா என்ற பெண்ணின் பெயரில் வந்திருந்தது. பால்டமோ ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு புது வீடு, மரச்சட்டச் சுவர்களுக்குள் குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்து உட்புறம் பிளாஸ்டிக் தாளும் ஒட்டியாகிவிட்டது, பலகை அடித்து மூடுவதற்கு முன்னால் எங்கேயாவது காற்றுக் கசிகிறதா என்று சோதித்துத் தர வேண்டும், அவ்வளவுதான். கயானி நகரைச் சுற்றி அந்தச் சோதனையைச் செய்ய அவளை விட்டால் ஆள் கிடையாது. வாரத்தில் பாதி நாள் இப்படி யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் யாருடைய மனைவி என்று அவள் கேட்பதில்லை.

அர்வோ டெர்வோனன் வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கடமான் வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிறத் தொப்பி. நெடுநெடுவென்று இருந்த மனிதர் தோள்பக்கம் குறுகியிருந்தார். கழுத்துச் சதை சட்டைக் காலருக்கு வெளியே தொங்கியது. கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். அவளும் "மெர்வி" என்று மட்டும் சொன்னாள். கணவன் இல்ப்போவைப் பிரிந்த பிறகு அவள் கார்பினன் இல்லை, பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பிவிட்டாள், தலைமுடியும் நரைத்துவிட்டது. அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு துணிக்கு நடுவில் இருந்த பெரிய விசிறியைப் பார்த்துவிட்டு, காபி காரில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றார்.

மெர்வியும் இல்ப்போவும் கயானியின் ஓரத்தில் வீடு கட்டியபோது மகள் சுவி நடை பழகிக்கொண்டிருந்தாள். கட்டிக் கொடுத்தவர் அர்வோ. அந்த இலையுதிர்காலம் முழுக்க மழை. கூரை ஏறுவதற்குள் பஞ்சு வந்து இறங்கிவிட்டது. ஒரு மாலை, பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வீட்டைப் பார்க்கப் போன மெர்வி, சட்டங்களுக்கு நடுவே செருகியிருந்த பஞ்சைச் சும்மா கையால் அமுக்கிப் பார்த்தாள். விரலிடுக்கில் தண்ணீர் இறங்கியது. அர்வோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "சுவர் தன்னால காஞ்சிக்கும்மா. நீங்க சூப்பு அடிப்பிடிக்காம பாத்துக்கங்க, போதும்," என்றார் அவர். வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள். இல்ப்போவும் சிரித்தான். மறுநாள் தாளை அடித்து, அதன்மேல் பலகையையும் அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

சுவிக்கு முதலில் இருமல், பிறகு மூக்கில் ரத்தம், பிறகு காய்ச்சல் விடாத குளிர்காலங்கள். மருத்துவர்கள் பாலை நிறுத்தச் சொன்னார்கள், பூனையைக் கொடுத்துவிடச் சொன்னார்கள், கடைசியில் குழந்தை பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறது என்றார்கள். யாரோ சொல்லி அவளுடைய அறைச் சுவரைத் திறந்து பார்த்தபோது, கட்டிலை ஒட்டியிருந்த பஞ்சு கறுப்பாக இருந்தது. வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு அர்வோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, இந்தக் குடும்பம் எந்நேரமும் குளித்துக்கொண்டிருக்கும், ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடும், ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள், வீடு பாவம் என்ன செய்யும் என்று சொன்னார். தீர்ப்பு வருவதற்குள் தன் கம்பெனியை மூடிவிட்டார். இல்லாத கம்பெனிமேல் வந்த தீர்ப்பை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை. பூஞ்சை பிடித்த வீட்டை யாரும் வாங்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் பயிற்சிக்காகக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள். வீட்டைக் கொளுத்தி அணைத்து, மறுபடியும் கொளுத்தினார்கள். இல்ப்போ வரவில்லை. மெர்வி கடைசிச் சட்டம் விழும்வரை சாலையில் நின்று பார்த்தாள். அடுத்த வருடம் சமையலறை வேலையை விட்டுவிட்டு ஔலு நகருக்குப் போய், வீட்டுக்குள் காற்று எப்படி நுழைகிறது, ஈரம் எங்கே தங்குகிறது என்று படித்தாள். ஏன் படிக்கிறாய் என்று கேட்டவர்களிடம் வீடுகளைக் காப்பாற்ற என்றாள். அது உண்மையில்லை. அந்த மனிதர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னதற்கு ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதற்காகத்தான்.

விசிறியை முடுக்கினாள். வாசலில் பொருத்திய விசிறி வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்று எந்தச் சிறிய ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியாக நுழையப் பார்க்கும். புகை வரும் ஒரு சிறு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தாள் இணைப்புகளின் ஓரமாக நடப்பாள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வளைந்து அவள் பக்கமாக ஓடிவரும். அன்றைக்கு அது நிறைய இடங்களில் ஓடிவந்தது. ஜன்னல் மூலைகளில், சுவிட்சுப் பெட்டிகளின் முதுகில், சானா என்னும் நீராவிக் குளியலறையின் கூரையில் குழாய் நுழையும் இடத்தில், சுவர் தரையைத் தொடும் இடத்தில் நீளமாக. ஒவ்வொன்றையும் அவள் உரக்கச் சொன்னாள். அர்வோவிடம் வேலை செய்த நீலோ என்ற தச்சன் பின்னாலேயே டேப்புச் சுருளோடு வந்தான். தடித்த உதடும் சிவந்த முகமுமாக, வாய் ஓயாத ஆள்.

"மேடத்த இப்படியே விட்டா என் மூக்குலயும் டேப்ப ஒட்டிருவாங்க போலிருக்கு பெரியவரே," என்றான்.

அர்வோ சிரிக்கவில்லை. அவள் காட்டிய இடங்களில் எல்லாம் மண்டியிட்டு, பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். மெர்விக்கு அந்த மண்டியிடல் பிடித்திருந்தது. சட்டென்று எழ முடியாமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்போது, எழுந்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு, அடுத்த குறையைத் தரையோரத்திலேயே தேடினாள்.

கிளம்பும்போது காரில் உட்கார்ந்திருந்த அர்வோவின் மனைவி ஐலா கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். பக்கவாதம் வந்து வலக்கை மடியில் கிடந்தது. இடக்கையால் பிளாஸ்கைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கித் திறந்து, சிந்தாமல் ஊற்றி, ஏலக்காய் மணக்கும் ரொட்டித் துண்டை மூடிமேல் வைத்து நீட்டினாள். வாடகைக்கு இருக்கும் வீடு மாடியில் என்றும், இங்கே தரையில் சூடு வருமாம், செருப்பே போட வேண்டாமாம் என்றும் சொன்னாள். ரொட்டி நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்தது மெர்விக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவியைப் பார்க்கப் போனாள். அந்தப் பூஞ்சை வீட்டுக்குப் பிறகு சுவியால் எந்த வீட்டுக்குள்ளும் தங்க முடிவதில்லை. நாலு சுவருக்குள் போனால் நெஞ்சு இறுகி உதடு நீலமாகும். ஒரு விவசாயியின் புல்வெளி ஓரத்தில், உள்ளே இருந்த பலகை, மெத்தை, திரை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்த காரில் மாட்டி இழுத்துப்போகும் ஒரு பழைய இழுவண்டியில் குடியிருந்தாள். குளிரிலும் ஜன்னல்கள் திறந்தே இருக்கும். மெர்வி தன் வேனுக்குள்ளேயே உடைகளைக் களைந்து, பையில் தனியாக வைத்திருந்த துணிகளைப் போட்டுக்கொண்டுதான் மகளிடம் போக முடியும். மற்ற வீடுகளின் வாசனை அவள்மேல் இருக்கக் கூடாது. சுவி கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து தொலைபேசியில் யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு. முடிக்கும்வரை காத்திருந்து, அர்வோ டெர்வோனன் வீடு கட்டுகிறார், தான்தான் சோதிக்கிறேன் என்று மெர்வி சொன்னாள்.

சுவி தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். "பஞ்சு வெச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்ப படுக்கையறச் சுவர்ல ஒரு வாளித் தண்ணிய ஊத்தி மூடிட்டு வாம்மா."

உப்பை எடு என்று சொல்லும் குரலில் சொன்னாள். மெர்வியும் அதையே நினைத்திருந்தாள். பால்டமோவிலிருந்து திரும்பிய வழியெல்லாம் அதைத்தான் நினைத்தாள். வாளி கூட வேண்டாம், தாளில் கத்தியால் ஒரு கோடு கிழித்துவிட்டு அதன்மேல் பலகை வந்துவிட்டால் போதும், ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரமூச்சு அந்தக் கோட்டின் வழியாகப் போய்ப் பஞ்சை நனைக்கும், யாருக்கும் தெரியாது என்று. ஆனால் அதை மகளின் வாயிலிருந்து கேட்டபோது வேறு யாரோ தன் பையைத் திறந்து பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

"அவரு பொண்டாட்டியும் அங்கதான் படுப்பாங்க சுவி."

"நானும் அங்கதானேம்மா படுத்தேன்," என்றாள் சுவி.

இரண்டாம் சோதனைக்குப் போனபோது எல்லாக் குறைகளும் சரிசெய்யப்பட்டிருந்தன. ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. டேப்பை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டியிருந்தார்கள். அவள் வர இரண்டு நாள் தாமதமானதால் ஏரிப்பக்கச் சுவரில் நீலோ பைன் பலகைகளையும் அடித்து முடித்திருந்தான். முடிச்சுகள் ஒரே வரிசையில் வரும்படி பார்த்துப் பார்த்து அடித்த பலகைகள். பெரிய ஜன்னலைச் சுற்றி அவை தேன் நிறத்தில் இருந்தன. விசிறியை ஓட்டியதும் கணினியில் காற்றுக் கசிவைக் காட்டும் எண் இறங்கிக்கொண்டே போய், அந்த வருடம் அவள் அளந்த எந்த வீட்டிலும் இல்லாத அளவுக்குக் கீழே போய் நின்றது. அவள் திரும்பி அர்வோவைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப் போல் நின்றிருந்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் அந்த முகம் மலரும். அவர் இந்த வீட்டில் செருப்பில்லாமல் நடப்பார். சூடான தரையில் நின்று ஏரியைப் பார்ப்பார். சுவர்கள் அவருக்காகக் காய்ந்தே இருக்கும்.

மெர்வி விசிறிக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஏதோ இணைப்பைச் சரிபார்ப்பதுபோல் நின்று, சிவப்புத் துணியின் கீழ்மூலையைக் காலணி நுனியால் நெம்பித் தளர்த்திவிட்டாள். காற்று அந்த வழியாகப் புகுந்தது. எண் ஏறத் தொடங்கியது.

"இன்னும் கசியுது," என்றாள்.

எங்கே என்று கேட்டார். அவள் அவசரப்படாமல் புகைக்குழாயோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஏரிப்பக்கச் சுவரின் முன்னால் நின்றாள். இதற்குப் பின்னால்தான், பலகை மறைப்பதால் புகையில் தெரியாது, திறந்துதான் பார்க்க வேண்டும் என்றாள். பலகை அடித்தாகிவிட்டதே என்று நீலோ முணுமுணுத்தான். அர்வோ சுவரிடம் போய், இரண்டு பலகைகளின் இடுக்கில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஆமா. இருக்கு. சில்லுன்னு வருது," என்றார்.

அங்கே ஒன்றும் வரவில்லை என்று மெர்விக்குத் தெரியும். வயதாகிவிட்டது, கைத்தோல் செத்துவிட்டது, சொன்னதை நம்புகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர் நீலோவிடம் ஆணி பிடுங்கும் கம்பியைக் கேட்டு வாங்கினார். முதல் பலகை நெம்பப்படும்போது மரம் கிறீச்சிட்டு நுனியில் பிளந்தது. அந்தச் சத்தத்தை மெர்வி வழி நெடுக வேனில் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே போனாள். கயானிக் கடைத்தெருவில் நிறுத்தி, ஏரியில் பிடித்த பொடிமீன் வாங்கிவந்து, மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தட்டு நிறையத் தின்றாள். அவளுக்கு அப்படிப் பசித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த தடவை படுக்கையறையின் வடக்குச் சுவர் என்றாள். அதற்குள் ஏரிப்பக்கச் சுவரைத் திறந்து, பஞ்சை எல்லாம் உருவிப் பார்த்து, புதிதாக அடைத்து, புதுத் தாள் போட்டு, டேப்பின்மேல் டேப்பு ஒட்டியிருந்தார்கள். பிளந்த பலகைகள் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. வடக்குச் சுவர் என்றதும் நீலோ சுத்தியலைத் தரையில் வைத்தான். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தான்.

"இந்த வீட்டுக்குள்ள கொசு கூட அனுமதி கேட்டுத்தான் வரணும். ஔலுல ஒருத்தன் மெஷின் வெச்சிருக்கான். அவன் ஒரு தடவ வந்து பாக்கட்டும். அப்புறம் நான் வீட்டையே பிரிக்கறேன்."

அந்த ஆள் வந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். மெர்வியின் தொழிலும் அதோடு போய்விடும். ஆனால் அர்வோ தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"வேற யாரும் வேண்டாம் நீலோ. இவங்க சொல்றதுதான்," என்றார்.

நீலோ அன்று மாலையே கருவிகளை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களோடு கடமான் வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவன் திரும்பி வரவில்லை. அர்வோ தனியாக வேலை செய்தார். மெர்வி அந்தப் பக்கமாகப் போகும் வேலை இல்லாத நாட்களிலும் போனாள். அளவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு உள்ளே நிற்பாள். அவர் தாளைப் பிடித்திருந்த ரீப்பர் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தாளை உரித்து, பஞ்சை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் அடுக்குவார். பஞ்சின் தூசி கழுத்து வியர்வையில் ஒட்டிச் சிவந்திருக்கும். சொறியக் கூடாது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கை போகும். ஏணியில் ஏறி மேல் ஓரத்தை ஒட்டும்போது ஒரு கை பக்கவாட்டில் பிடி தேடும். மெர்வி உதவவில்லை. ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டு, சுவி இருமிய ஒவ்வொரு குளிர்காலத்தையும் அவர் முதுகின்மேல் வைத்துப் பார்ப்பாள். இன்னும் சுவர்கள் இருக்கின்றன. மேற்கே ஒன்று, சமையலறையில் ஒன்று, பிறகு கூரை. கூரை என்று சொல்லும் நாளை அவள் கடைசிக்காக வைத்திருந்தாள்.

ஏரி ஓரங்களில் கண்ணாடிபோல் உறையத் தொடங்கிய ஒரு காலையில், அவள் வேனைவிட்டு இறங்கியதும் ஐலா கார்க் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். மெர்வி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இந்த முறை காபி இல்லை. ஐலா செயலில்லாத வலக்கையை இடக்கையால் எடுத்து மடியில் திருத்தி வைத்துக்கொண்டாள்.

"நீ வந்த அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னாரு. கார்பினன் வீட்டம்மா வந்திருக்காங்கன்னு."

மெர்வி முன்கண்ணாடியையே பார்த்தாள்.

"வேற ஆளக் கூப்பிடலாம்னு நான் சொன்னேன். கேக்கல. சுவர்ல கைய வெச்சா ஓட்ட இருக்கா இல்லையான்னு தெரியாத மனுஷன் இல்ல அவரு. நீ சொன்ன, இவரு பிரிச்சாரு. நான் கேள்வி கேக்கல." ஐலா வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அவருக்குக் கை ரெண்டும் வலிச்சு, படுத்தா தூக்கம் வரதில்ல. ஆனா காலைல கிளம்பறப்ப விசிலடிக்கறாரு. அவரு விசிலடிச்சு நான் கேட்டதே இல்ல, இத்தன வருஷத்துல."

ஏரியிலிருந்து காற்று வந்து காரை லேசாக அசைத்தது. பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று ஐலா கேட்டாள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்றாள் மெர்வி. பனிக்காலத்திலுமா என்று கேட்டதற்கு, பனிக்காலத்திலும் என்றாள். அதற்கு ஐலா ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லாததற்காக மெர்வி அவளை ஒரு நொடி மதித்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் ஐலா. "இன்னும் எத்தன சுவர்? நான் திட்டறதுக்குக் கேக்கல. ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு அந்த மாடி ஏறி இறங்கறேன். தெரிஞ்சா மனசத் தயார் பண்ணிக்குவேன்."

மெர்வி கதவைத் திறந்து இறங்கினாள். வீட்டை நெருங்கும்போதே கேட்டது. உள்ளே அர்வோ விசிலடித்துக்கொண்டிருந்தார். நடனக் கூடங்களில் வாசிக்கும் ஏதோ பழைய மெட்டு, சுதி தப்பி, இடையிடையே மூச்சு வாங்கி. மெர்வி வாசலில் நின்றாள். வாரக்கணக்காக அவள் அந்த மனிதரின் கைகளை உரித்தாள், முதுகை வளைத்தாள், அவர் அடுக்கியதைக் கலைத்தாள். ஒவ்வொரு பலகையாகப் பிடுங்கப் பிடுங்க அவர் மேலே இருந்த ஏதோ ஒன்றும் கழன்றுகொண்டே வந்திருக்கிறது. நான் அடிக்கிறேன் என்று நினைத்து அவரைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கூரையையும் பிரிக்கச் சொல்லியிருந்தால் குழந்தைபோல் தூங்கியிருப்பார். சுவியின் இழுவண்டிக்குள் தண்ணீர்ப் பாத்திரம் உறையும் இந்தக் குளிரில், இவர் விசிலடிக்கிறார். மெர்விக்குக் கோபத்தில் பல் கிட்டிக்கொண்டது. இவ்வளவு கோபம் வீடு எரிந்தபோது கூட வரவில்லை.

அவள் உள்ளே போனதும் விசில் நின்றது. வடக்குச் சுவரின் கடைசி இணைப்பை அவர் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மெர்வி வாசல் நிலையில் சட்டத்தைப் பொருத்தி, சிவப்புத் துணியின் நாலு மூலையையும் இழுத்து இறுக்கினாள். கீழ்மூலையைக் கையாலேயே அழுத்தி உள்ளே தள்ளினாள். விசிறியை ஓட்டினாள். எண் இறங்கி, முன்பு நின்ற இடத்திலேயே வந்து நின்றது. கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

"நீங்க குறையச் சரிபண்ணி முடிச்ச அன்னிக்கே இதுதான் வந்தது. ஏரிப்பக்கச் சுவர்ல ஒண்ணுமில்ல. இதுலயும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

அர்வோ எண்ணைப் பார்க்கவில்லை. "தெரியும்," என்றார்.

அவள் விசிறியை நிறுத்தினாள். துணி தொய்ந்தது. வீடு அமைதியாயிற்று.

"மேற்குச் சுவர இன்னும் பாக்கலியே," என்றார் அவர். "அங்க நீலோ அவசரமா அடிச்சான். மூலைல இருக்கும்."

"இல்ல."

"திறந்து பாத்துடறேன் மெர்வி. எனக்கொண்ணும் அவசரமில்ல."

"திறக்க வேண்டாம். உங்க வீடு நல்லா இருக்கு. இந்த ஊர்லயே இதுமாதிரி இல்ல. இன்னிக்கே சான்று அனுப்பிடறேன், நாளையிலேருந்து பலக அடிச்சிக்கலாம்."

வாடிக்கையாளர்களிடம் பேசும் குரலில் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்தாள். ஏணியில் ஏறும்போது தேடுவதுபோல் கை பக்கவாட்டில் எதையோ தேடியது. ஒன்றும் அகப்படாமல் சுவரிலேயே ஊன்றிக்கொண்டார்.

"அன்னிக்கு அந்தப் பஞ்சு நனஞ்சிருந்தது," என்றார். சிரிப்பில்லாமல், கடைசிச் சொல்லை விழுங்காமல் சொன்னார். "நீங்க காட்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். காயவைக்கச் சொல்லியிருந்தா அடுத்த வேல தள்ளிப் போயிருக்கும். அதான் மூடச் சொன்னேன்."

இதைக் கேட்பதற்காக அவள் எத்தனை வருடம் எத்தனை விதமான பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, வண்டி ஓட்டும்போது, மகளின் முதுகைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது. கத்தும் பதில், துப்பும் பதில், அழும் பதில். அவற்றில் எதைச் சொன்னாலும் அவர் தலைகுனிந்து வாங்கிக்கொள்வார், வாங்கிக்கொண்டு தன் பாரத்தை இறக்கிவைத்துவிடுவார் என்று இப்போது தெரிந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். நரைத்த புருவத்தில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

"சரி," என்றாள் மெர்வி.

வானிலை சொன்னவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு மின்கம்பியைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் விசிறியைக் கழற்றினாள், துணியை மடித்தாள், சட்டத்தைப் பிரித்துப் பையில் போட்டாள். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. வேலையின்போது அவள் கை இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. ஆனால் பையின் ஜிப் மூடவில்லை. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டாள்.

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. தரையைத் தொட்டதும் கரையும் முதல் பனி. வாசற்படியில் இறங்கியவள் திரும்பினாள். அர்வோ அதே இடத்தில் நின்றிருந்தார்.

"கதவச் சாத்திக்கங்க. பனி உள்ள வருது."

பைகளை வேனில் ஏற்றினாள். காரில் ஐலா கண்ணாடியை இறக்கவில்லை. அவள் மூச்சு படிந்து கண்ணாடி முழுக்க வெள்ளையாகியிருந்தது, உள்ளே இருப்பவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. மெர்வி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் கையிலேயே வைத்திருந்தாள். திறந்துகிடந்த வீட்டுக் கதவுக்கு உள்ளிருந்து ஒரு கை வந்து பிடியைப் பற்றியது. வெகுநேரம் அது பிடித்தபடியே இருந்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. பலமாக அல்ல, ஆனாலும் எங்கும் ஓட்டையில்லாத அந்த வீட்டுக்குள் அகப்பட்ட காற்றுக்குப் போக்கிடமில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, நாலு சுவரிலும் பளபளத்த பிளாஸ்டிக் தாள் ஒரே நேரத்தில் பின்னுக்கு ஒடுங்கி, முன்னுக்கு உப்பி, ரீப்பர்களுக்கு நடுவே நடுங்கி நின்றது. தாள்களுக்கு நடுவில் ஓர் ஆரஞ்சுத் தொப்பி அசையாமல் இருந்தது.